மீளுருவாக்க வடிவமைப்பு: பேச்சிலிருந்து வரைபடத்துக்கு எப்படிக் கொண்டுவருவது?

வரைகோல் எழுதியது:

வணக்கம். கட்டடக்கலைஞராக எட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். பசுமைக் கட்டடத் தரச்சான்று பெற்ற மூன்று திட்டங்களில் வேலை செய்திருப்பதால், வெயில் வரும் திசையைப் பார்த்துச் சன்னல் வைப்பதும், மின் நுகர்வைக் குறைப்பதும், மழைநீரைச் சேர்த்துவைப்பதும் எனக்குப் பழகிய வேலைகள்தாம். இப்போது கைக்கு வந்திருக்கும் திட்டம் சற்று வேறானது. சுமார் 8,000 சதுர மீட்டர் நிலத்தில் இரண்டு மாடிப் பயிற்சி மையம் ஒன்றைக் கட்ட வேண்டும். நிலத்தில் ஏறத்தாழப் பாதி, முன்பு சரக்குக் கிடங்காக இருந்த காலத்தில் ஊற்றிய கான்கிரீட் தளத்துக்கு அடியில் கிடக்கிறது. 600 சதுர மீட்டரில் அந்தப் பழைய கிடங்கும் இரும்புக் கூரையோடு இன்னும் நிற்கிறது. பின்புற மதிலை ஒட்டிச் சில பெரிய மரங்கள் உள்ளன.

முதல் சந்திப்பிலேயே உரிமையாளர், "சூழலுக்குக் கேடு செய்யாத கட்டடம் எனக்குப் போதாது, இந்த நிலம் முன்பு இருந்ததைவிட நன்றாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அதற்கு மீளுருவாக்க வடிவமைப்பு என்று பெயர் உண்டென்பது எனக்குத் தெரியும், படித்தும் இருக்கிறேன். ஆனால் படித்தவற்றில் பெரும்பாலானவை தத்துவமாகவே நின்றுவிடுகின்றன. நாளைக் காலை வரைபலகையின் முன் உட்காரும்போது எதை முதலில் வரைவது, ஒப்பந்தத்துக்கான வேலைகளையும் அளவுகளையும் வரிவரியாகக் குறிக்கும் அளவுப் பட்டியலில் எந்த வரியாக அதை எழுதுவது, கட்டி முடித்த பிறகு நிலம் மேம்பட்டிருக்கிறது என்று எதைக் காட்டி நிறுவுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் எங்கும் தெளிவான விடை கிடைக்கவில்லை. வழக்கமாகச் செய்வதையே செய்துவிட்டுப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிடுவேனோ என்ற அச்சமும் இருக்கிறது. இதை நேரடியாகச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


முற்றம் எழுதியது:

நீங்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது; இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் திட்டங்கள் பலவற்றில் நடப்பது பெயர் மாற்றம்தான். எனவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தச் சிந்தனைக்கு வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர், கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நிலவடிவமைப்புக் கற்பித்த ஜான் டில்மன் லைல். 1994-இல் வெளியிட்ட நூலில் அவர் வைத்த வாதம் எளியது: தொழில்மயமான உலகின் கட்டுமானம் ஒரு முனையில் எடுத்து மறுமுனையில் கொட்டும் ஒருவழிப் பாதையாக இருக்கிறது; இயற்கையோ சுழற்சியில் இயங்குகிறது; ஆகவே வடிவமைப்பாளரின் வேலை அறுந்த சுழற்சிகளை மறுபடி இணைத்துவைப்பது. பிறகு 2007-இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் பில் ரீட் எழுதிய கட்டுரை, வழக்கமான கட்டுமானத்தில் தொடங்கிப் பசுமை, நிலைத்தன்மை, சீரமைப்பு என்று ஏறி மீளுருவாக்கத்தில் முடியும் படிநிலையைக் காட்டியது. நிலைத்தன்மை வரையிலான படிகள் கேட்பதெல்லாம் "எவ்வளவு குறைவாகக் கெடுக்கிறோம்" என்பதை. அதற்கு மேலே உள்ள படிகள் கேட்பது "இந்த இடம் தன்னைத்தானே பராமரித்துக்கொள்ளும் திறனை மீட்க நாம் என்ன செய்கிறோம்" என்பதை. இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல் தேவை. மின் நுகர்வை நூறிலிருந்து முப்பதாகக் குறைத்தால் அது நல்ல வேலைதான். ஆனால் கீழே இருக்கும் மண்ணுக்கு அதனால் எதுவும் நடந்துவிடாது.

ஆகவே, கட்டடத்தை முதலில் வரையாதீர்கள். நிலம் இன்று எப்படி இயங்குகிறது என்ற ஒரே ஒரு தாளை முதலில் வரையுங்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் வெளியேறுகிறது. எந்தப் பகுதி எந்த நேரத்தில் கொதிக்கிறது. எங்கே பறவை இறங்குகிறது, எங்கே எதுவும் முளைக்கவில்லை. யார் இந்த வழியாக நடந்துபோகிறார்கள் என்பவை எல்லாம் அந்தத் தாளில் வரட்டும். அதன் பக்கத்தில், கிடங்கு வருவதற்கு முன் அந்த நிலம் எப்படி இருந்தது என்பதைக் கிடைக்கும் பழைய வரைபடங்களிலிருந்தும் நேரில் கேட்டும் இன்னொரு தாளாக வரையுங்கள். அந்த இரண்டு தாள்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் நீங்கள் செய்ய வேண்டிய வேலையின் பட்டியல்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்காக வளாகம் வடிவமைத்தபோது, அளவைப் படத்தில் மிகத் தாழ்ந்திருந்த மூலையில் மழைநீர் தேங்கும் குட்டை ஒன்றை வைத்தேன். படத்தைப் பொறுத்தவரை அது மிகச் சரியான இடம். இரண்டு மழைக்காலம் கடந்தும் குட்டையில் முழங்கால் அளவு நீர்கூட நிற்கவில்லை. அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் இருந்த வகுப்பறைகளின் வாசலில்தான் தண்ணீர் நின்றது. வளாகத்தின் வயதான காவலர், "அந்தப் பக்கம் மண் அடித்து மேடாக்குவதற்கு முன்னால் ஓடை இப்படித்தான் வரும்" என்று கையால் காட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் வாங்கிய மட்ட அளவை, மண் கொட்டி நிரவிய பிறகு எடுத்தது. மேலே இருந்த சரிவை அது காட்டியது. அடியில் இருந்த பழைய களிமண் படுகையின் சரிவைக் காட்டவில்லை. இறங்கிய நீர் அந்தப் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. காவலரிடம் முதல் நாளே அரை மணி நேரம் பேசியிருந்தால் குட்டை வேறு இடத்தில் வந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "மீளுருவாக்கக் கட்டடம்" என்று ஒன்று தனியாக இருக்க முடியாது என்பது என் கருத்து. கட்டடம் எதையும் உயிர்ப்பிப்பதில்லை; மண்ணும் நீரும் செடியும் அங்கே புழங்கும் மக்களும்தான் அதைச் செய்கிறார்கள். கட்டடம் அவர்களுக்கு வழி விடலாம், சில இடங்களில் கைகொடுக்கலாம். அதனால் அந்தச் சொல்லை வரைபடத்தில் எங்கேயும் எழுதாமல், அதற்குப் பதிலாக அளவுகளை எழுதுங்கள் என்பேன்.


மண்வாசம் எழுதியது:

நான் நிலவடிவமைப்புத் துறையில் இருப்பவன். முற்றம் ஐயா சொன்னதை வழிமொழிந்து, அளவுப் பட்டியலில் எந்த வரியாக எழுதுவது என்ற இரண்டாவது கேள்விக்கு மண்ணின் பக்கமிருந்து விடை சொல்கிறேன்.

ஒரு நிலத்தின் உயிர் பெரும்பாலும் மேலே உள்ள முப்பது சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. நல்ல மண்ணின் கொள்ளளவில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். அந்த இடைவெளிகளில்தான் நீரும் காற்றும் மாறிமாறிக் குடியிருக்கின்றன. கனரக வாகனம் ஏறியதும் முதலில் நசுங்குவது அந்த இடைவெளிகள்தாம், அதுவும் பெரும்பகுதிச் சேதம் முதல் ஓரிரு ஓட்டங்களிலேயே நடந்துவிடும். ஆகையால், "வேலை முடிந்த பிறகு தோட்டக்காரரை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. பொக்லைன் எந்த வழியாக நுழையும், கம்பியும் மணலும் எங்கே இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் நாளிலேயே அந்த நிலத்தின் அடுத்த இருபது ஆண்டுகள் தீர்மானமாகிவிடுகின்றன. இருந்தும் பெரும்பாலான திட்டங்களில் அந்த முடிவைக் கட்டடக்கலைஞர் எடுப்பதில்லை. லாரி ஓட்டுநர் எடுக்கிறார்.

எனவே அளவுப் பட்டியலின் முதல் வரி, தள அலுவலகக் கொட்டகைக்கும் முன்னதாக, பாதுகாப்பு வேலியாக இருக்கட்டும். பின்புற மரங்களுக்கு நெஞ்சுயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து, அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் கிடைக்கும் ஆரத்துக்குள் யாரும் எதையும் வைக்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. நாற்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு அது 4.8 மீட்டர். வேர்களில் மிகுதியானவை மேல் அறுபது சென்டிமீட்டருக்குள்ளேயே பரவி நிற்பதால், அந்த வட்டத்துக்குள் மணலைக் குவிப்பதும்கூட மரத்தின் மூச்சை அடைப்பதற்கு ஒப்பாகும். மரம் உடனே சாவதில்லை. நான்கைந்து ஆண்டு கழித்து உச்சியிலிருந்து காயத் தொடங்கும்போது ஒப்பந்ததாரர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். வேலியை நகர்த்தினால் எவ்வளவு பிடித்தம் என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். தொகை எழுதாத வேலி ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது.

இரண்டாவது வரி மேல்மண். தோண்டும் இடங்களில் மேல்மண்ணைத் தனியாக எடுத்து, இரண்டு மீட்டருக்கு மேல் உயராத குவியல்களாக வைத்து, வேலை நீளுமானால் அதன்மேல் பயறு வகைச் செடி எதையாவது விதைத்துவிட வேண்டும். உயரமாகக் குவித்தால் அடியில் காற்று போகாது. பிரிக்கும்போது அழுகல் நாற்றம் வரும். மூன்றாவது வரி, கான்கிரீட் கலவை இயந்திரத்தையும் தட்டுகளையும் கழுவும் இடம். இதை யாரும் எழுதுவதில்லை. சிமென்ட் கழுவிய நீரின் காரத்தன்மை மண்ணில் உள்ள நுண்ணுயிர்களையும் மண்புழுக்களையும் வாழவிடாது. வேலை முடிந்து ஆண்டுக்கணக்கான பிறகும் எதுவும் முளைக்காத வெளுத்த வட்டங்களைப் பல வளாகங்களில் பார்த்திருக்கிறேன். விசாரித்தால் அங்கேதான் கலவை இயந்திரம் நின்றிருக்கும்.

கான்கிரீட் தளத்தை உடைத்து எடுக்கப்போகிறீர்கள் என்றால், அடியில் என்ன இருக்கிறது என்று இப்போதே ஒரு மூலையைத் திறந்து பாருங்கள். மண்வெட்டியால் ஓர் அடி ஆழத்துக்கு நேர்ச்சுவராக வெட்டி, அந்த வெட்டு முகத்தை விரலால் மெல்லக் கிள்ளுங்கள். நல்ல மண் கடலைக் கொட்டை அளவில் உதிரும், மழை வாசம் வரும், நூல் போன்ற வேர்கள் எல்லாத் திசையிலும் போயிருக்கும். இறுகிய மண் தகடுதகடாகப் பெயரும். வேர் அந்தத் தகட்டில் முட்டிக் கிடைமட்டமாகத் திரும்பியிருக்கும். வாசம் எதுவும் வராது. இந்தப் பார்வைக்குப் பிறகு, இரண்டு முனையும் திறந்த இரும்பு வளையம் ஒன்றை மண்ணில் சில சென்டிமீட்டர் இறக்கி, முதலில் ஒருமுறை நீரூற்றி நனையவிட்டு, மறுபடி ஊற்றி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளவுகோலை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். களிமண்ணில் ஐந்து மில்லிமீட்டருக்குள் இருக்கும். வண்டல் கலந்த மண்ணில் பத்திலிருந்து இருபது வரை வரும். மணற்பாங்கான நிலத்தில் முப்பதைத் தாண்டும். இதே இடங்களில் ஆண்டுதோறும் இதே சோதனையைச் செய்தால் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வளையம், ஒரு வாளி, ஒரு கைக்கடிகாரம் போதும்.


தாங்குதூண் எழுதியது:

கட்டமைப்புப் பொறியாளன் என்ற முறையில் சற்று மாறுபட்டுப் பேச வேண்டியிருக்கிறது. மண்ணும் மரமும் முக்கியம்தான். ஆனால் ஒரு கட்டடம் முதல் நாளிலேயே செய்துவிடும் பெருந்தீங்கு அதன் உடம்பில் இருக்கும் சிமென்டிலும் இரும்பிலும் அடங்கியிருக்கிறது. அந்தக் கணக்கைப் போடாமல் நிலத்தை மட்டும் உயிர்ப்பிப்பது, ஒரு வீட்டின் கொல்லையைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசலில் கொட்டுவது போன்றது.

உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏழெட்டு விழுக்காடு சிமென்ட் தயாரிப்பிலிருந்து மட்டும் வருகிறது. இதில் எரிபொருளைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதற்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறியே தீரும். அப்படிச் சுட்டு எடுத்து, பிறகு அரைத்துச் சிமென்டாக்கும் கட்டிக்குக் கிளிங்கர் என்று பெயர்; ஒரு டன் கிளிங்கருக்கு அப்படி வெளியேறுவது மட்டுமே சுமார் அரை டன். சூளையைச் சூரிய மின்சாரத்தில் இயக்கினாலும் அது குறையாது. கிளிங்கரின் பங்கைக் குறைப்பதுதான் வழி. சுட்ட களிமண்ணையும் அரைத்த சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்துக் கிளிங்கரை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் சிமென்ட் வகை இப்போது இருக்கிறது. கிளிங்கருக்கு 1,450 டிகிரி வெப்பம் வேண்டும். களிமண்ணுக்கு 800 டிகிரியை ஒட்டிய வெப்பம் போதும். மொத்த வெளியேற்றம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்குகிறது.

உங்கள் நிலத்தையே எடுத்துக்கொள்வோம். 4,000 சதுர மீட்டர் தளம், பதினைந்து சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால் 600 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 300 கிலோ என்ற கணக்கில் 180 டன் சிமென்ட் அதில் போயிருக்கும். தயாரித்தபோது வெளியான கரியமில வாயு சுமார் 150 டன். போனது போனதுதான், தளத்தை உடைக்காமல் வைத்திருப்பதால் அது திரும்ப வராது. ஆனால் வாகன நிறுத்தத்துக்கும் கட்டடத்தின் தரைக்கும் வேறு இடத்தில் புதிய கான்கிரீட் ஊற்றினால் அதே கணக்கு இன்னொரு முறை தொடங்கும். ஆகவே புதிய கட்டடம் பழைய தளத்தின் மேலேயே, முடிந்தால் பழைய கிடங்கின் கூட்டுக்குள்ளேயே உட்கார வேண்டும். மீதமுள்ள பகுதியை மட்டும் உடைத்து மண்ணைத் திறக்கலாம். உடைத்த துண்டுகளைப் பாதைகளின் அடித்தளத்துக்குப் பயன்படுத்துங்கள், ஆனால் குட்டையின் கரைக்குப் போட்டுவிடாதீர்கள். மழைநீர் பட்டால் அவற்றிலிருந்தும் காரம் கசியும்.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். உலர்ந்த மரம் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.8 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான கரியைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பது உண்மை. அதனால் மரக் கட்டடம் காற்றைச் சுத்தம் செய்கிறது என்று விளம்பரம் செய்கிறார்கள். வெட்டிய காட்டில் மறுபடி மரம் வளர வேண்டும், கட்டடம் அந்த மரம் வளரும் காலத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும், இடிக்கும்போது எரிக்காமல் மறுபடி பயன்படுத்த வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளையும் விட்டுவிட்டால் அந்தக் கணக்கு வெறும் கடன்தான். அமெரிக்காவின் அட்லாண்டாவில் 2019-இல் திறந்த கெண்டேடா என்ற கல்விக் கட்டடத்தில், திரைப்படப் படப்பிடிப்புக்காகப் போட்ட அரங்குகளைப் பிரித்தபோது கிடைத்த மரச்சட்டங்களைப் புதிய சட்டங்களுக்கு இடையிடையே வைத்து ஆணியடித்துத் தளப் பலகைகள் செய்திருக்கிறார்கள். குப்பைக்குப் போகவிருந்த மரம் அங்கே சுமை தாங்குகிறது. நான் மதிக்கும் கணக்கு அப்படிப்பட்டது.

முற்றம் அவர்கள் அளவுகளை எழுதச் சொன்னார். அதையே நானும் சொல்கிறேன், ஆனால் வரிசையை மாற்றிச் சொல்கிறேன். முதலில் எதை இடிக்காமல் விடலாம் என்று எழுதுங்கள். பிறகு எதைக் கட்டாமல் விடலாம் என்று எழுதுங்கள். எஞ்சியதை வரையுங்கள்.


வரைகோல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. எனக்குள் இருந்த வரிசையே தலைகீழாகிவிட்டது.

இரண்டு சிக்கல்கள். கிடங்கு அழகாக இல்லை என்று உரிமையாளர் அதை இடித்துவிட நினைக்கிறார். இரும்புச் சட்டங்களைச் சோதித்த பிறகு முடிவெடுக்கலாம் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அவர் எங்கோ படித்துவிட்டு, மலத்தை எருவாக்கும் கழிப்பறைகளும், குளியல் நீரையும் கைகழுவும் நீரையும் நாணல் பாத்தியில் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடும் முறையும் வேண்டும் என்கிறார். வரைவது எளிது. கட்டிக் கொடுத்த பிறகு இவற்றை யார் நடத்துவார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.


சாவிக்கொத்து எழுதியது:

நான் கட்டடக்கலைஞன் அல்லன். பெரிய வளாகங்களின் பராமரிப்பைப் பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நீங்கள் எல்லோரும் வரைந்துவிட்டுப் போனதை நடத்துபவன். உங்கள் கடைசிக் கேள்வியை வடிவமைப்பாளர் ஒருவர் கட்டத் தொடங்கும் முன்பே கேட்பதை இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன்.

அமெரிக்காவின் சியாட்டலில் உள்ள புல்லிட் மையத்தை இத்துறையில் உள்ள எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 2013-இல் புவி நாளன்று திறந்த ஆறு மாடி அலுவலகம். 250 ஆண்டுகள் நிற்க வேண்டும் என்று வடிவமைத்தது. கூரையில் 242 கிலோவாட் சூரியத் தகடுகள். மேகம் மூடிய நகரத்தில் ஆண்டுக் கணக்கில் தான் செலவிடும் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக் காட்டியது பெரிய சாதனை. அதே கட்டடத்தில் ஆறு மாடிக்கும் எருவாக்கும் கழிப்பறைகள் இருந்தன. பராமரிப்புச் சிக்கல்களால் அவற்றைப் பின்னாளில் கைவிட்டு வேறு கழிப்பறைகளுக்கு மாறினார்கள். மழைநீரைக் குடிநீராக்கும் அமைப்பைக் கட்டி முடித்தும், அதற்கான அனுமதிக்குத் திறப்புக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சரிவராததைச் சரிவரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி மாற்றிக்கொண்டதால்தான் அந்தக் கட்டடத்தின்மேல் எனக்கு மதிப்பு கூடியது. ஆனால் அவ்வளவு ஆள்பலமும் அக்கறையும் உள்ள இடத்திலேயே இப்படி நடந்தது என்றால், சராசரிப் பயிற்சி மையத்தில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

நான் பார்த்துக்கொண்ட ஒரு வளாகத்தில் நாணல் பாத்தி இருந்தது. இரண்டு ஆண்டுகள் நன்றாக ஓடியது. பிறகு தரை துடைக்கும் பணி புதிய ஒப்பந்தத்துக்குப் போனது. புதிதாக வந்தவர்கள் கழிப்பறையும் குளியலறையும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் தினமும் வாளிக் கணக்கில் ப்ளீச்சிங் கரைசலை ஊற்றினார்கள். பாத்தியில் அழுக்கைத் தின்னும் வேலையைச் செய்வது பாக்டீரியாதான் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எனக்கும் அப்போது முழுமையாகத் தெரியாது. மூன்றாவது வாரத்தில் நாற்றம் எழுந்தது. மூடியைத் திறந்து பார்த்தால், முன்வடிகட்டியில் தலைமுடியும் துணிப் பிசிறும் சோப்புக் கசடும் சேர்ந்து நனைந்த கம்பளி போல ஒரு கையளவு கனத்துக்கு அடைத்திருந்தன. அதை வாரம் ஒருமுறை எடுக்க வேண்டும் என்பது கையேட்டில் இருந்தது. கையேடு, வடிவமைத்த நிறுவனத்தின் கோப்பில் இருந்தது. கடைசியில் பாத்திக்குப் போகும் குழாயை மூடிவிட்டுப் பொதுச் சாக்கடையோடு இணைத்துவிட்டோம். இன்றும் வருபவர்களிடம் அந்த நாணலைக் காட்டி, நீரைச் சுத்திகரிப்பதாகச் சொல்கிறார்கள்.

எனவே மூன்று காரியங்களைச் சொல்கிறேன். எந்த அமைப்பை வரைந்தாலும் அதன் பக்கத்திலேயே, அதை வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தப் பதவியில் உள்ளவர் பார்ப்பார் என்று எழுதுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாவிட்டால் அந்த அமைப்பை நீக்கிவிடுங்கள். குளியல் நீரைச் சுத்திகரிக்கும் பாத்தி பார்க்கக்கூடிய இடத்தில், நின்றபடியே வடிகட்டியைத் தூக்கும்படி இருக்கட்டும். குனிந்து இறங்கி எடுக்க வேண்டியது எதுவும் ஆறு மாதத்துக்குமேல் நடக்காது. கடைசியாக, வேலை சரியாக முடியும்வரை ஒப்பந்ததாரருக்குக் கொடுக்காமல் ஒப்பந்தத்தில் தக்கவைக்கும் தொகையின் ஒரு பகுதியை, ஆட்கள் குடியேறிய பிறகு பன்னிரண்டு மாத அளவீடுகள் வந்த பின்புதான் விடுவிக்க வேண்டும் என்று எழுதுங்கள். 2006-இல் தொடங்கிய லிவிங் பில்டிங் சவால் என்ற தரச்சான்று முறையில் எனக்குப் பிடித்தது அதுதான்: மாதிரிக் கணக்கை வைத்து முழுச் சான்று தருவதில்லை, கட்டடம் ஓராண்டு ஓடிக் காட்டிய பிறகே தருகிறார்கள். ஆண்டு மின்தேவையில் 105 விழுக்காட்டை அங்கேயே உண்டாக்க வேண்டும் என்பதைக்கூட மின்மானியைப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறார்கள்.

எருவாக்கும் கழிப்பறையைப் பொறுத்தவரை, தோட்டத்துக்கு அருகில் தனியாக ஓர் அலகு மட்டும் வையுங்கள். அதை இரண்டு ஆண்டு ஒழுங்காக நடத்த முடிந்தால் மேலும் கட்டலாம்.


முற்றம் எழுதியது:

சாவிக்கொத்து அவர்கள் எழுதியதைப் படித்தபோது, நான் வடிவமைத்து இன்று காட்சிப்பொருளாக மட்டும் நிற்கும் இரண்டு அமைப்புகள் நினைவுக்கு வந்தன. அவற்றின் கையேடுகளும் என் அலுவலக அலமாரியில்தான் இருக்கின்றன.

தாங்குதூண் அவர்களோடு ஒரு சிறிய மாறுபாடு. எதை இடிக்காமல் விடலாம் என்பதை முதலில் கேட்பது சரியே. ஆனால் பழைய தளம் நீர் போகும் வழியை மறித்து நின்றால், கரியமில வாயுக் கணக்கு எவ்வளவு இனித்தாலும் அந்தப் பகுதியை உடைக்கத்தான் வேண்டும். 4,000 சதுர மீட்டர் கான்கிரீட்டின்மேல் இருபத்தைந்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் நீர். அது இப்போது எங்கேயோ யாருடைய வாசலுக்கோ போய்க்கொண்டிருக்கிறது. எனவே நீர்த் தாளையும் உங்கள் இடிப்புத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எது முந்தியது என்று வாதிடுவதில் பொருளில்லை.


வரைகோல் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மண்வாசம் அவர்கள் சொன்ன வளையத்தை ஒரு பழைய இரும்பு டிரம்மை வெட்டிச் செய்துகொண்டோம். மூன்று இடங்களில் சோதித்தேன். தளத்தின் ஒரு மூலையை உடைத்துத் திறந்த இடத்தில் ஒரு மணி நேரத்தில் மூன்று மில்லிமீட்டர் இறங்கியது. கிடங்கின் கூரைநீர் ஆண்டுக்கணக்கில் சொட்டிய ஓரத்தில் ஒன்பது. பின்புற மரங்களுக்குக் கீழே, சருகு மக்கிய இடத்தில், முதல் முறை ஊற்றிய வாளி நீர் நான் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டது. நனைந்த பிறகு எடுத்த அளவு அறுபதைத் தாண்டியது. ஒரே நிலம், நூறு மீட்டர் இடைவெளி. உரிமையாளரை அழைத்துச் சென்று மூன்று இடத்திலும் அவர் கையாலேயே நீரூற்றச் செய்தேன். அதன் பிறகு அவர் மரத்தடியைக் காட்டி, மற்ற இரண்டு இடங்களும் எத்தனை ஆண்டில் இப்படி ஆகும் என்று கேட்டார். கட்டடத்தின் முகப்பைப் பற்றிய பேச்சு அன்றைக்கு வரவில்லை.

என் முதல் வரைவில் வாகன நிறுத்தம் அந்த மரங்களின் அடியில் இருந்தது. நிழல் கிடைக்கும் என்று நினைத்து வைத்திருந்தேன். தண்டை அளந்து வட்டம் போட்டுப் பார்த்தபோது, பதினெட்டு வண்டிகளில் பதினொன்று அந்த வட்டங்களுக்குள் நின்றன. அவற்றைப் பழைய தளத்துக்கு மாற்றிவிட்டேன். கிடங்கின் இரும்புச் சட்டங்கள் சோதனையில் தேறிவிட்டன. இரண்டு தூண்களின் அடியில் மட்டும் துரு ஆழமாகப் போயிருக்கிறது. பயிற்சி அறைகளை அந்தக் கூட்டுக்குள் வைக்க உரிமையாளர் அரை மனத்தோடு இசைந்திருக்கிறார். எருவாக்கும் கழிப்பறை ஒன்று மட்டும் வருகிறது.

நாணல் பாத்திக்குப் பக்கத்தில் சாவிக்கொத்து அவர்கள் சொன்ன கட்டத்தை வரைந்து, வாரம் மூன்று மணி நேரம் என்று எழுதினேன். யார் என்ற இடத்தை நிரப்ப முடியவில்லை. உரிமையாளர் தம் மேலாளரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அதுவரை பாத்தியைப் புள்ளிக்கோட்டில்தான் வைத்திருக்கிறேன்.